அறுபத்தோரு ஆடுகளும் சிங்கப்பூரில் நான்கு நாளும்

என் பதிவுகள் வழக்கமாக டிக்கெட் விலையில்தான் தொடங்கும். இதுவும் அப்படியே தொடங்கட்டும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய்வர 14,800 ரூபாய். ஐந்து மாதம் முன்னதாகத் தள்ளுபடியில் எடுத்தது. பெட்டி கிடையாது, ஏழு கிலோ கைப்பை மட்டும். விசாவுக்கு ஏஜென்ட் 3,200 வாங்கினார். வியாழன் பகல் 11.30க்குக் கிளம்பி அந்த ஊர் நேரப்படி மாலை 6.15க்கு இறங்கினேன். திங்கள் காலை 9.40க்குத் திரும்பும் விமானம். எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டாயிரத்துக்குள் முடிப்பது என்று திட்டம். முடியவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

டிக்கெட் எடுத்தபோது இது வெறும் ஊர் சுற்றும் பயணம்தான். கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வருடத்துக்கு இரண்டு பயணம், இரண்டையும் பற்றிப் பதிவு என்று ஒரு பழக்கம். ஆனால் கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்பு, கிடைக்காரர் கருப்பையா ஒரு பிளாஸ்டிக் உறையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மொதலாளி, நீங்க சிங்கப்பூர் போறீகளாமே. அங்கன எங்க அக்கா மகன் செல்வம் இருக்கான். இதுல அவன் கையெழுத்து வேணும்" என்றார்.

ஆட்டுக்கிடை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: தரிசாகக் கிடக்கும் வயலில் ராத்திரி ஆடுகளைப் பட்டி போட்டு அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். ராத்திரிக்கு இவ்வளவு என்று வயல்காரர் கொடுத்துவிடுவார். கருப்பையா ராமநாதபுரம் பக்கத்துக்காரர், வயது அறுபது. வருடா வருடம் மந்தையை ஓட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வருவார். எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து பதினாறு கிலோமீட்டர். போன வருடம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை, பாதி ஊர் சம்பா போடவில்லை. என் நாலு ஏக்கரும் சும்மா கிடந்தது. ஐப்பசி கடைசியில் பத்து ராத்திரிக்குக் கிடை பேசினேன். ராத்திரிக்கு 250 ரூபாய், மொத்தம் 2,500, முன்பணமாகவே கொடுத்துவிட்டேன்.

எட்டாவது ராத்திரி முடிந்த காலையில் மழை எச்சரிக்கை வந்தது. நான் அன்றைக்கு வால்பாறையில் இருந்தேன். கருப்பையா போன் செய்தார். "மானம் சரியில்ல மொதலாளி. ரோட்டு மேட்டுக்கு ஓட்டிரட்டுமா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு ராத்திரி பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுப் போங்கள் என்றேன். என் வயல் ஊரிலேயே தாழ்வான வயல். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் விடியற்காலை வடிகால் உடைத்துக்கொண்டு வந்த தண்ணீரில் தொண்ணூறு ஆட்டில் அறுபத்தொன்று செத்தன. பட்டியின் மூலையில் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நின்றபடியே செத்துக் கிடந்தன என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். இரண்டு ராத்திரிக் காசு ஐந்நூறு ரூபாய். இந்தப் பதிவைப் படிக்கும்போது அந்த எண்ணை மட்டும் மறக்காதீர்கள்.

கால்நடை மருத்துவர் வந்தார், கிராம நிர்வாக அலுவலர் வந்தார். எண்ணினார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் முறையாகத்தான் நடந்தது. "யார் ஆடு?" என்று கேட்டார்கள். "எல்லாம் எந்துதான்" என்றார் கருப்பையா. இங்கேதான் சிக்கல். செத்த அறுபத்தொன்றில் முப்பதுதான் அவருடையது. மீதி முப்பத்தொன்று சிங்கப்பூரில் இருக்கும் செல்வத்துடையது. இடது காதில் இரண்டு வெட்டு இருந்தால் செல்வத்தின் ஆடு, ஒரு வெட்டு இருந்தால் மாமாவுடையது. ஆனால் கருப்பையாவின் ஆட்களிடம், அடுத்தவர் வயலில் நிற்கும்போது மந்தையைப் பிரித்துச் சொல்லும் வழக்கம் கிடையாது. ஓட்டி வந்தவர்தான் மொத்த மந்தைக்கும் சொந்தக்காரர் என்று பேசுவார். பிரித்துச் சொன்னால் மந்தை பிரிந்துவிடும் என்று ஒரு பயம். அவரும் வாய்ப்பழக்கத்தில் அப்படியே சொல்லிவிட்டார்.

அரசு நிவாரணம் ஒரு ஆட்டுக்கு நாலாயிரம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு முப்பது ஆடு வரைக்கும்தான். பட்டியலில் ஒரே பெயர் இருந்ததால் முப்பது ஆட்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்தது, அத்தோடு சரி. செல்வத்துக்குத் தனிக் குடும்ப அட்டை இருக்கிறது. அவன் பெயர் பட்டியலில் ஏறியிருந்தால் அவனுக்கும் அதே தொகை வந்திருக்கும். அதைத்தான் இப்போது மேல்முறையீடாகக் கேட்கிறார்கள். அதற்குச் செல்வத்தின் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், வெளிநாட்டில் போடும் கையெழுத்து என்பதால் அங்கே ஒரு நோட்டரியின் முத்திரை வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கக் கடைசி நாள், நான் திரும்பி வரும் திங்களுக்கு இரண்டாம் நாள், புதன்கிழமை. கூரியரை நம்ப முடியாத அவகாசம். அந்த உறை என் ஏழு கிலோவில் சேர்ந்தது இப்படித்தான்.

சாங்கியில் இறங்கியதும் டாக்சி தேடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து ஒரு நிறுத்தம் எக்ஸ்போ வரை, அங்கே நீல நிறத் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. 45 நிமிடம், என் வங்கி அட்டையில் 2 வெள்ளி 13 காசு கழிந்தது. (அங்கே டாலரை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நான் போனபோது ஒரு வெள்ளி 66 ரூபாய்.) டன்லப் ஸ்திரீட்டில் பன்னிரண்டு படுக்கை கொண்ட அறையில் மேல் படுக்கை, ஒரு நாளைக்கு 32 வெள்ளி. சுத்தமாக இருந்தது. குறட்டைக்கு உத்தரவாதம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பகுதியை நடந்தே சுற்றினேன். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று பெயர்ப்பலகைகள். மலாயில் கெர்பாவ் என்றால் எருமையாம். ஒரு காலத்தில் இந்த இடம் முழுக்க மாட்டுக் கொட்டகையாக இருந்ததாம். இப்போது நகைக்கடையும் போன் கடையும். வேறு சமயமாக இருந்தால் இதை வைத்தே இரண்டு பத்தி ஓட்டியிருப்பேன். அன்றைக்கு ஆடு மாடு என்று எதையும் எழுதப் பிடிக்காமல் நடையைக் கட்டினேன்.

செல்வம் வேலை செய்யும் இடம் புக்கிட் மேரா. ஊதாத் தடத்தில் அவுட்ரம் பார்க், அங்கிருந்து பேருந்து. 40 நிமிடம், 1 வெள்ளி 69 காசு. பழைய வீவக, அதாவது அரசு வீடமைப்புக் கழகத்தின், அடுக்குமாடிகளுக்கு நடுவே சாலையைத் தோண்டிக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு நேரம். ஒரு ப்ளாக்கின் திறந்த கீழ்த்தளத்தில் அட்டையை விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் எழுந்து வந்தான், செல்வம்தான். வயது முப்பத்துமூன்று என்று பத்திரத்தில் இருக்கிறது. பார்த்தால் நாற்பது சொல்லலாம்.

"வாங்க சார். வழி கண்டுபுடிக்கச் செரமமா இருந்துச்சா? சாப்பிட்டீங்களா?"

அவன் கையிலிருந்தது விடியற்காலை நாலரைக்கு விடுதியில் கொடுக்கும் சாப்பாட்டுப் பொட்டலம். மதியம் பிரிக்கும்போது குழம்பு லேசாகப் புளித்திருந்தது. அவன் பாதி சாப்பிட்டுவிட்டு மடித்து வைத்தான். ஆறு வருடமாக ஓவர்டைம் காசில் இரண்டும் மூன்றுமாக வாங்கிச் சேர்த்தவைதான் அந்த ஆடுகள் என்று தானாகவே சொன்னான். ஒவ்வொரு ஆடு வாங்கும்போதும் மாமா காதை வெட்டுவதை வீடியோ காலில் பார்ப்பானாம். நாற்பது சேர்ந்ததும் ஊருக்கு வந்துவிடுவது என்று கணக்கு. முப்பத்தாறு சேர்ந்திருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு மிஞ்சியது ஐந்து.

"ஒர்க் பெர்மிட் இந்த மாசத்தோட முடியுது. ரெனியூ பண்றியா இல்லியான்னு சூப்பர்வைசர் கேட்டுக்கிட்டே இருக்காரு. ரெனியூ பண்ணா இன்னும் ரெண்டு வருசம் சார்."

"இந்தக் காசு வந்துச்சுன்னா?"

"பதினஞ்சு ஆடு வாங்கலாம். அஞ்சும் பதினஞ்சும் இருவது. இருவது இருந்தா நான் போயிருவேன்."

உறையைக் கொடுத்தேன். பத்திரமும் மனுவும் மூன்று பக்கம். அவன் கையைத் துடைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். அவன் படிக்கட்டும் என்று நான் பேச்சை மாற்றினேன். பயணப் பதிவு எழுதுகிறவன் என்றும், இந்தப் பயணத்தைப் பற்றியும் எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். "தெரியும் சார், உங்க ப்ளாக் படிச்சிருக்கேன். மாமா சொன்னாரு" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்தது. எழுதுகிறவனுக்குக் கடல் தாண்டி ஒரு வாசகன் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? எது பிடித்தது என்று வெட்கமில்லாமல் கேட்டேன். "வால்பாறை" என்றான். என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நன்றி சொன்னேன்.

பிறகு காகிதத்தை உறைக்குள் வைத்து என்னிடமே நீட்டினான். "ஞாயித்துக்கெழமதான் லீவு. லிட்டில் இந்தியாவுல தேக்கா மார்க்கெட்டு வாசல்ல பன்னெண்டு மணிக்குப் பாப்போம். கையெழுத்த அன்னைக்குப் பேசிக்கலாம் சார்." போடுகிறேன் என்று சொல்லவில்லை, பேசிக்கலாம் என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஓசியில் தூது வந்தவனை இவன் இழுத்தடிக்கிறானே என்று திரும்பும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை பிடோக் போனேன். கடற்கரைப் பூங்காவில் நடக்கலாம், காசு கிடையாது, கடல் நிறைய கப்பல் நிற்கும். சாப்பாட்டு அங்காடியில் ஐந்து வெள்ளிக்கு வயிறு நிறையும். பகல் இரண்டு மணிக்கு வானம் கறுத்துக் கொட்டியது. நான் ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி, எதிரே இருந்த பெரிய கான்கிரீட் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வந்தபோது அதில் ஒரு சாண் தண்ணீர்தான் இருந்தது. இருபது நிமிடத்தில் ஆளுயரத்துக்கு ஏறி ஓடியது. மழை விட்டு முக்கால் மணி நேரத்தில் மறுபடி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர் வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டி, என் வயலில் தண்ணீர் நாலு நாள் அசையாமல் நின்றது. செத்த ஆடுகள் நாலு நாளும் அதில்தான் கிடந்தன.

செருப்பெல்லாம் நனைந்து, பேருந்தும் வராமல், வாழ்க்கையில் முதல்முறையாக வெளிநாட்டில் டாக்சி பிடித்தேன். 23 வெள்ளி 40 காசு. ஓட்டியவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், அறுபது வயதிருக்கும், பேச்சில் அந்த ஊர் 'லா' ஒட்டியிருந்தது. கால்வாயைப் பற்றி வாயைப் பிளந்து பேசினேன்.

"இங்க தண்ணி அரை மணி நேரம் நின்னாலே நியூஸ்ல வந்துரும் லா. ஹாட்லைன் இருக்கு. கால் பண்ணா ஆளு வந்துரும்" என்றார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "உங்க ஊர்ல வெள்ளம் வந்தா யாருக்குக் கால் பண்ணுவாங்க அண்ணே?" என்று கேட்டார்.

எனக்குத்தான் கால் பண்ணினார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. ஊர்ப் பக்கம் அதெல்லாம் எங்கே என்று மழுப்பிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன்: கூட்டம் பிடிக்காதவர்கள் அன்றைக்கு வேறு எங்காவது போய்விடுங்கள். தீவில் இருக்கும் கட்டுமான, கப்பல்பட்டறைத் தொழிலாளர்கள் முக்கால்வாசிப் பேர் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள் போலத் தெரிந்தது. பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசை, புல்தரையில் வட்டம் வட்டமாக ஆட்கள். செல்வம் சலவை செய்த சட்டையோடு சொன்ன நேரத்துக்கு நின்றிருந்தான். தேக்காவின் உள்ளே இறைச்சிக் கடைகளைத் தாண்டித்தான் சாப்பாட்டுப் பக்கம் போக வேண்டும். தொங்கிய ஆடுகளை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன், விலையும் பார்த்தேன், கிலோ 27 வெள்ளி. பழக்க தோஷம்.

ஆளுக்கு ஒரு தேநீரோடு உட்கார்ந்தோம். அவன் உறையை வாங்கி மனுவின் இரண்டாம் பக்கத்தை மேசையில் விரித்தான்.

"மூணாவது பாராவப் படிச்சீங்களா சார்?"

படித்திருந்தேன். 'எச்சரிக்கை விடுக்கப்பட்டும் ஆடுகளை மேட்டுப் பகுதிக்குக் கொண்டுசெல்லாதது என்னுடைய கவனக்குறைவே ஆகும்' என்று கருப்பையா சொல்வதாக இருந்தது. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுகிறவர் ஏன் மேட்டுக்குப் போகவில்லை என்று கேட்டிருக்கிறார். கருப்பையா என் பெயரைச் சொல்லாமல் இப்படிச் சொல்லி வைத்திருக்கிறார். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிம்மதியாக இருந்தது.

"அது மனு எழுதுனவர் சும்மா போட்ட வார்த்தை தம்பி" என்றேன்.

"கவனக்குறைவுன்னு நாமளே எழுதிக் குடுத்தா எவன் சார் காசு குடுப்பான்? அத விடுங்க. மாமா நாப்பது வருசமா ஆடு மேய்க்கிறாரு. மழை வருதுன்னா எங்களுக்கு முன்னாடி அவருக்குத் தெரியும். அவரு ஏன் சார் தாழ்வுல நின்னாரு?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஊர்லயே இல்லியே."

இப்படித்தான் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே அவன் போனை எடுத்துவிட்டான். எதையோ தேடி, திரையைப் பெரிதாக்கி, என் பக்கம் திருப்பி வைத்தான். என் வால்பாறைப் பதிவு. நான் எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்த நாலாவது பத்தி.

'காலையில் கிடைக்காரரிடமிருந்து போன். வானம் சரியில்லையாம், ஆட்டை மேட்டுக்கு ஓட்டிப்போகட்டுமா என்கிறார். பத்து ராத்திரிக்குக் காசு வாங்கியவர் எட்டு ராத்திரியிலேயே மூட்டை கட்டப் பார்க்கிறார்! இன்னும் இரண்டு ராத்திரி பாக்கி என்று சொல்லிவிட்டு அருவி பார்க்கக் கிளம்பினேன். கணக்குப்பிள்ளையிடமே கணக்கா?' பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று போட்டிருந்தேன். கீழே பதினான்கு பேர் பாராட்டியிருந்தார்கள்.

"வெள்ளம் வந்து நாலாம் நாளு இதப் படிச்சேன் சார். எங்க ரூம்ல பன்னெண்டு பேரு. எல்லாரும் படிச்சாங்க" என்றான். குரலை உயர்த்தவில்லை. "மாமாகிட்டக் கேட்டேன். இல்லடா, நாந்தான் அசந்து தூங்கிட்டேன்னாரு. உங்களச் சொன்னா அடுத்த வருசம் அந்த ஊர்ல ஒருத்தரும் வயலு குடுக்க மாட்டாகன்னு அவருக்குப் பயம். வெள்ளிக்கெழம நீங்க வந்தப்பவே சொல்லிருவீங்கன்னு பாத்தேன். இன்னைக்காவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவமானமாக இருந்தது. அழுதுவிடலாம் போல இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் அழுவதும் ஒரு தந்திரமாகத் தெரியும் என்று அடக்கிக்கொண்டேன். முப்பத்தோரு ஆட்டுக்கும் நானே காசு தருகிறேன் என்று வாயில் வந்தது. தந்தும் இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"உங்க காசு வேணாம் சார். அத வாங்கிக்கிட்டா மனுவுல மாமா தப்புன்னே நின்னுரும். அந்தப் பாராவ அடிச்சிட்டு, நடந்தத நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்பறம் நான் போடறேன்."

அந்தப் பதிவை இப்போதே அழித்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அதற்குத்தான் அவன் பதறினான். "அழிச்சிராதீங்க சார். அன்னைக்கு எங்க ஆடு உங்க வயல்ல நின்னுச்சுன்னு தேதி போட்டு இருக்கறது அது ஒண்ணுதான்."

நோட்டரி அலுவலகம் அங்கிருந்து ஏழு நிமிட நடை, ஒரு கடைவீட்டின் மேல்மாடி. தொழிலாளர்களுக்காக ஞாயிறும் பதினொன்றிலிருந்து மூன்று வரை திறந்திருக்கும். முன்னறையில் மாலதி என்ற அலுவலர், கண்ணாடி போட்ட அம்மாள், அந்த ஊர்க்காரர். நான் அங்கேயே உட்கார்ந்து மனுவில் அந்தப் பாராவை அடித்துவிட்டு, கையால் ஒரு பக்கம் எழுதினேன். கருப்பையா மேட்டுக்குப் போகக் கேட்டார், நான் கூடாது என்றேன், காரணம் ஐந்நூறு ரூபாய். காது வெட்டு அடையாளம் பற்றி எனக்குத் தெரிந்ததையும் எழுதினேன். மாலதி வாங்கிப் படித்துவிட்டு என்னையும் செல்வத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்கிள், இத அவரு பத்திரத்தோட சேத்து ஒட்ட முடியாது லா. உங்க ஸ்டேட்மென்ட் தனி, அவரு ஸ்டேட்மென்ட் தனி. பாஸ்போர்ட் இருக்கா? ரெண்டு டாக்குமென்ட், ரெண்டு சார்ஜ்." சற்றுத் தயங்கி, "ஷ்யூரா? சைன் பண்ணா அப்புறம் மாத்த முடியாது" என்றார்.

ஷ்யூர் என்று கையெழுத்துப் போட்டேன், பிறகு செல்வமும் தன் பத்திரத்தில் போட்டான். ஒரு பத்திரத்துக்கு 80 வெள்ளி. இரண்டையும் நான் கொடுக்கப் பையைத் திறந்தேன். செல்வம் அதற்கு முன்பே நான்கு இருபது வெள்ளித் தாள்களை மேசையில் வைத்துவிட்டான். அது அவனுக்கு எத்தனை நாள் சம்பளம் என்று நான் கேட்கவில்லை. என் பழைய பதிவை அச்செடுக்க நாலு பக்கம், பக்கத்துக்கு 50 காசு. அந்தச் சிரிக்கும் முகமும் அப்படியே அச்சில் விழுந்தது. மாலதி அதன் மேலும் ஒரு முத்திரை வைத்தார்.

வெளியே வந்ததும் செல்வம் தன் விடுதிப் பேருந்துக்குக் கிளம்பினான். "பத்திரமாக் கொண்டுபோங்க சார், மடிக்காதீங்க" என்று மட்டும் சொன்னான். மீதிப் பகலில் நான் எதையும் பார்க்கவில்லை. மெரினா பக்கம் போகத் திட்டம் இருந்தது, போகவில்லை. அதனால் அதைப் பற்றி இந்தப் பதிவில் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கருப்பையாவைத் தேடிப் போனேன். மிஞ்சிய இருபத்தொன்பது ஆட்டோடு பக்கத்து ஊர் ரோட்டோரம் இருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது என்பதால் நான் எழுதியதை நானே வாசித்துக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டார். 

"இத ஏன் மொதலாளி எழுதுனீக? அந்தப் பய ஆத்திரத்துல கேட்டிருப்பான். இனிமே கிடை போட்டா கேசு கீசுன்னு வரும்னு உங்காளுக பேச மாட்டாகளா? எங்கள யாரு வயல்ல விடுவா?"

அவர் சொன்னபடியேதான் நடக்கிறது. புதன்கிழமை மனுவைக் கொடுத்து ரசீது வாங்கினோம். அது டீக்கடை வரைக்கும் பேச்சாகி, எங்கள் தெருவில் இரண்டு பேர் இந்த வருடம் கிடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் வயலில் கிடை போட நான் கருப்பையாவைக் கூப்பிட்டேன். மந்தை சிறுத்துப்போச்சு, இந்தப் பக்கம் வருவதற்கில்லை என்று சொல்லிவிட்டார். மனு கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. போய்க் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள், மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் மாதம் முடிந்தது. செல்வம் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். தகவலாக ஒரே வரியில் அனுப்பியிருந்தான்.

இனி உங்களுக்குப் பயன்படும் விஷயங்கள். மொத்தச் செலவு 38,700 ரூபாய். டாக்சியும் நோட்டரியும் இல்லாமல் போனால் முப்பத்திரண்டாயிரத்தில் முடிக்கலாம். வங்கி அட்டையையே ரயிலிலும் பேருந்திலும் தட்டலாம், தனி அட்டை வாங்க வேண்டாம். குடை அவசியம். ஊரிலிருந்து யாருக்காவது பத்திரம் கொண்டுபோனால் கெட்டி அட்டைக்குள் வைத்துக் கொண்டுபோங்கள், கையெழுத்துக்கு முன்பே நோட்டரிக்குப் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் அசலைக் கையில் வைத்திருங்கள். ஆடு மாடு உள்ளவர்கள், வெள்ளத்தில் எண்ண வரும் அதிகாரியிடம் எது யாருடையது என்று பிரித்துச் சொல்லுங்கள். அந்த ஒரு நேரம் மட்டும் பிரித்துச் சொன்னால் போதும்.

வால்பாறைப் பதிவை நான் அழிக்கவில்லை, திருத்தவும் இல்லை. நாலாவது பத்தி அப்படியே இருக்கிறது. போய்ப் படிப்பவர்கள் இந்த முறை பாராட்ட வேண்டாம்.

என்னைப் போல வயலில் கிடையை நிறுத்திவிட்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கதவைப் பூட்டுவதற்கு முன் அந்த மனிதரிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள். வானம் கறுத்தால் எனக்குப் போன் செய்ய வேண்டாம், ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று.